பதினொன்றேகால் அங்குலம்

சூசைமாணிக்கம் அண்ணன் எதைத் தொட்டாலும் தொட்ட பொருளைப் பார்க்க மாட்டார். தொட்ட விரலைப் பார்ப்பார். டீக் கிளாஸ் கைக்கு வந்தால் முதலில் அதன் விளிம்பில் வலது கட்டைவிரலை மெதுவாக ஒரு சுற்று ஓட்டுவார். பிறகு விரலைத் திருப்பி வெளிச்சத்துக்குக் காட்டி, நுனியை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் முதல் வாய் குடிப்பார். வேன் கதவின் கைப்பிடி, வீட்டுச் சாவி, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஏற்றப் போகும் மெழுகுவர்த்தி, எல்லாவற்றுக்கும் இதே கதைதான். புதிதாகப் பார்க்கிறவர்கள், மனுஷன் அழுக்குக்கு அருவருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அகரம் விலக்கு டீக்கடைக்காரர் ஒருமுறை கோபித்தே விட்டார்.

“என்ன டிரைவரே, நல்லாக் கழுவித்தான குடுத்திருக்கேன். விரல்ல என்ன ஒட்டிக்கிருச்சு?”

“ஒண்ணும் ஒட்டலண்ணே. அதத்தேன் பாத்தேன்.”

அது அருவருப்பில்லை, பழக்கம். பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்தாறு வயது வரை அவர் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் சாவிக்குப் பல் அராவியவர். பல் வெட்டாத சாவியைச் சிமினி விளக்கின் சுடரில் காட்டிக் கரி பிடிக்க விடுவார்கள். அதைப் பூட்டுக்குள் நுழைத்து ஒரு திருகு. வெளியே எடுத்தால், உள்ளே எந்த இடத்தில் இடித்ததோ அந்த இடத்தில் மட்டும் கரி அழிந்து உலோகம் பளிச்சென்று தெரியும். அங்கே அரத்தால் ஒரு இழுப்பு. கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி கரி, மறுபடி திருகு. இப்படி நூறு தடவை.

“பூட்டுக்குள்ள எட்டிப் பாக்க முடியாதுல்ல தம்பி. எங்க இடிக்குதுன்னு கரியத்தேன் கேக்கணும்” என்று எனக்கு ஒருநாள் சொன்னார்.

பூட்டு வேலையை விட்டு ஏன் டிரைவர் ஆனீர்கள் என்று கேட்டால் சிரிப்பார். “ஒக்காந்த எடத்துலயே பதினாலு வருசம் ஒக்காந்து பாத்தாச்சு. அதேன், ஒக்காந்தமேனிக்கே ஊருக்குப் போவமேன்னு வந்துட்டேன்.”

நான் அவரை அறிந்தது தொண்ணூற்று எட்டில். திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் கன்னியாஸ்திரீகள் ஒரு தையல்கூடம் நடத்தினார்கள். நடக்கச் சிரமப்படும் பெண்கள் பதினொரு பேர் அங்கே பள்ளிச் சீருடையும் தலையணை உறையும் தைத்தார்கள். எனக்குக் கடிதம் எழுதுவது, துணி இருப்பைப் பார்ப்பது என்று மேசை வேலை. அண்ணன் அந்தக் கூடத்தின் வேன் டிரைவர். விடிந்ததும் வெறும் வேனை வேடசந்தூருக்கு ஓட்டி வருவார். மில் பஸ்களும் சைக்கிள்களும் நெரியும் அந்த முக்கில் நானும் நான்சியும் ஏறிக்கொள்வோம். அகரம், தாடிக்கொம்பு என்று மற்ற பெண்களை ஏற்றிக்கொண்டு ஒன்பது மணிக்குள் திண்டுக்கல்.

நான்சிக்குச் சின்ன வயதில் முதுகெலும்பில் காசநோய் வந்து முதுகு வளைந்துவிட்டது. நடப்பாள், ஏறுவாள், வாய் ஓயாமல் கிண்டல் பண்ணுவாள். அகரத்தில் ஏறும் பாண்டிச்செல்விக்கு இடது கால் போலியோவில் சூம்பியது. தொடை வரை இரும்புக் கம்பி வைத்த காலணி. மடங்காத கால். கூடத்தில் அவளைப் போல காலர் தைக்க ஆள் கிடையாது. மற்றவர்கள் காலரைத் தைத்துவிட்டு அவளிடம் நீட்டி, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

வேனின் பின்கதவுப் படி தரையிலிருந்து பதினாறரை அங்குலம். பாண்டிச்செல்வியால் அதில் ஏற முடியாது. தினமும் அண்ணன்தான் இறங்கி வந்து அவளை இரு கையாலும் தூக்கி உள்ளே வைப்பார். தூக்கும்போது அவர் முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொள்வார், அவள் கண்ணை மூடிக்கொள்வாள். டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் மட்டும் நன்றாகப் பார்ப்பார்கள்.

தூக்காமலிருக்க என்னென்னவோ செய்தோம். மர முக்காலி போட்டோம். அது சரளையில் ஆடி அவளைக் கீழே தள்ளியது. சங்கிலி வைத்துத் தொங்குபடி மாட்டினோம். அதில் நல்ல காலை வைத்ததும் படி உள்ளே ஓடியது, அவள் வெளியே விழுந்தாள். விழுந்த காயம் ஆறும்வரை மறுபடி தூக்கல்தான்.

ஒருநாள் காலை பெஞ்சில் இருந்த ஒருவர் சத்தமாகவே சொன்னார். “டிரைவரே, எங்க வீட்லயும் ஒரு நெல்லு மூட்ட கெடக்கு. போற வழியில ஏத்தி விட்டுட்டுப் போங்க.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். பாண்டிச்செல்வி மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த இரண்டு நாளும் வரவில்லை. நாலாம் நாள் அவள் அண்ணன் முறைக்காரர் ஒருவர் சைக்கிளில் வைத்துக் கூட்டிவந்து தையல்கூட வாசலில் இறக்கிவிட்டார். நேராக சிஸ்டர் ஐரின் அறைக்குப் போனாள். கூடத்துக்கு அவர்தான் தலைவி.

“சிஸ்டர், எனக்குத் தைக்கத் தெரியும். தெனம் மூட்டையா வரத்தேன் தெரியல. நான் நின்னுக்கிறேன்.”

சிஸ்டர் ஐரின் குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலில் நின்றிருந்த சூசைமாணிக்கம் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“சிஸ்டர், பாப்பாவ ஒசத்த வேணாம். வேனத் தாழ்த்திருவோம். எனக்கு ரெண்டு நா குடுங்க.”

இரண்டாம் நாள் வேன் பேகம்பூரில் அப்பாஸ் பாயின் பட்டறையில் நின்றது. லாரி, வேன்களின் அடியில் எடையைத் தாங்கும் வில் பட்டைகளைக் கழற்றி, வளைத்து, கட்டித் தருகிற பட்டறை அது. அப்பாஸ் பாய்க்குப் பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய குரல். அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் அட்டைத் துண்டை எடுத்து நீட்டினார். அதில் பென்சிலால் ஒரே ஒரு எண் எழுதியிருந்தது.

பாய் அதை தூரத்தில் பிடித்துப் படித்தார். “பதினொண்ணேகாலா? ஏப்பா மாணிக்கம், காலு அங்குலம் எதுக்குடா? இது வேனா, தங்கச் சங்கிலியா?”

“எழுதினது எழுதினதுதேன் பாய்.”

“சரிப்பா. பூட்டுக்காரன் கிட்ட வாயக் குடுத்தா தெறக்கவும் முடியாது, மூடவும் முடியாது.”

பாய் செய்தது இதுதான். பின்சக்கர அச்சுக்கு மேலே உட்கார்ந்திருந்த பட்டைக் கட்டைக் கழற்றி அச்சுக்குக் கீழே மாட்டினார். வேன் பின்பக்கம் ஐந்து அங்குலத்துக்கு மேல் இறங்கியது. முன்பக்கம் ஒரு பட்டையை உருவிக் கொஞ்சம் சரிக்கட்டினார். அப்படியும் வேன் நாய் குந்தியது போலத்தான் நின்றது. ஆனால் பின்கதவுப் படியிலிருந்து தரைக்குப் பதினொன்றேகால்.

அகரத்தில் மறுநாள் காலை அண்ணன் இறங்கவே இல்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாண்டிச்செல்வி பின்னால் வந்து நின்றாள். கதவுத் தூணை இடது கையால் பற்றினாள். நல்ல காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். ஒரு மூச்சு. உடம்பை முன்னால் சாய்த்து ஒரே எழுப்பு. கம்பிக் கால் பின்னாலேயே காற்றில் அரைவட்டம் போட்டு உள்ளே வந்து ‘ணங்’கென்று ஊன்றியது. “கொஞ்சம் தள்ளி ஒக்காருடி” என்று நான்சியிடம் சொன்னாள், தினமும் இப்படித்தான் ஏறுகிறவள் போல.

அந்தச் சந்தோஷம் ரயில்வே கேட் வரைக்கும்தான் நின்றது.

தண்டவாளத்தில் பின்சக்கரம் ஏறி இறங்கியதும் அடியிலிருந்து சுத்தியலால் அடித்தாற்போல ஒரு அடி. பதினொரு பெண்களும் ஒரே நேரத்தில் “அய்யோ” என்றார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு குழிக்கும் அதே அடி. வேடசந்தூர் ரோட்டில் அப்போது குழிகளுக்குக் குறைவில்லை. முன்பு வேன் குழியில் இறங்கினால் அசைந்து எழும். இப்போது அசைவே இல்லை; பட்டென்று நேராக முதுகுத்தண்டில் வந்து அடித்தது. வழியில் படிக்க மடியில் வைத்திருக்கும் கவிதைப் புத்தகத்தில் ஒரு வரியை நான் நாலு தடவை தொடங்க வேண்டியிருந்தது.

“அண்ணே, எறங்கும்போது எத்தன எலும்பு மிச்சம் இருக்குன்னு எண்ணிச் சொல்லிருங்க” என்றாள் நான்சி. முதல் வாரம் அது கிண்டலாக இருந்தது. இரண்டாம் வாரம் அவள் பேச்சு குறைந்தது. மூன்றாம் வாரம் தையல் மிஷின் முன்னால் உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்து நின்று பொத்தான் தைத்தாள். முதுகைப் பார்த்த டாக்டர், இந்த மாதிரி அடி வாங்கும் வண்டியில் இனி ஏறவே கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

சிஸ்டர் ஐரின் அண்ணனையும் என்னையும் கூப்பிட்டார்.

“மாணிக்கம், ஒருத்தி ஏறணுங்கிறதுக்காக இன்னொருத்தி முதுக ஒடைக்க முடியாது. பதினஞ்சு நாள் தரேன். சரியாகலேன்னா பழைய ஒசரத்துக்கே மாத்திடணும்.”

அன்று சாயங்காலம் வேனில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. தாடிக்கொம்பு தாண்டியதும் நான்சி சொன்னாள். “ஏய் செல்வி, நான் வேணா நின்னுக்கிட்டே வாரேன்டி. எனக்கு அடி படாது.”

“இந்தக் குழியில நின்னியன்னா என் மடியிலதேன் விழுவ. பேசாம இரு.” பிறகு, வெளியே பார்த்தபடி, பாண்டிச்செல்வி மெதுவாகச் சொன்னாள். “வேன ஒசத்துனா ஒசத்தட்டும். எங்க வீட்லயே ஒரு மிசினப் போட்டுக்கிட்டு ஒக்காந்துக்கிறேன். பாவாட நாடா தைக்க ஆளா இல்ல.”

சீருடைக் காலர் தைக்கிற கை. நாடா. அண்ணன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அதற்குப் பிறகு ரோட்டை மட்டும் பார்த்தார்.

மறுநாள் பட்டறையில் அப்பாஸ் பாய் கேட்டவுடன் தீர்வு சொன்னார். “ரொம்ப லேசுப்பா. ரெண்டு அங்குலம் ஏத்திக்க. அச்சுக்கும் வேனோட அடிச்சட்டத்துக்கும் நடுவுல எடம் கெடச்சுரும், அடி நின்னுரும். ரெண்டு அங்குலம், ரெண்டே ரெண்டு.”

“ஏத்தக் கூடாது பாய்.”

“ஒரு அங்குலம்?”

“ஒரு விரக்கட கூடக் கூடாது.”

“ஏன்டா?”

அண்ணன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். சிஸ்டரிடம் பாயே போய்ச் சொன்னார். சிஸ்டர் அண்ணனைக் கேட்டார். பதினாறரைக்குப் பதிலாகப் பதின்மூன்றேகால், அது போதாதா, பாண்டிச்செல்வியைக் கேட்டுப் பார்ப்போமா என்றார். “அவள ஒண்ணும் கேக்க வேணாம் சிஸ்டர்” என்று அண்ணன் அவசரமாகச் சொன்னார். சிஸ்டருக்கு முகம் சிவந்தது. “பிடிவாதத்துக்கும் ஒரு காரணம் வேணும் மாணிக்கம்.” அண்ணன் தரையைப் பார்த்தபடி நின்றார். எனக்கும் அது வீம்பாகத்தான் பட்டது. எழுதினது எழுதினதுதான் என்று சொல்லிவிட்டோமே என்று மல்லுக்கட்டுகிறார் என நினைத்தேன்.

பாய் திட்டிக்கொண்டே வேலை பார்த்தார். அச்சு மேலே வந்து சட்டத்தில் மோதாமல் இருக்க நடுவில் ஒரு தடுப்பு ரப்பர் உண்டு. அதில்தான் இடிக்கிறது என்று ரப்பரைப் பாதியாக அறுத்தார். அடி குறையவில்லை. பட்டை தளர்ந்துவிட்டது என்று ஒரு பட்டை கூடச் சேர்த்தார். வேன் கட்டை வண்டி ஆனது. சேர்த்ததோடு இன்னொன்றையும் கழற்றினார். வேன் படகு மாதிரி ஆடியது, அடி மட்டும் இரட்டிப்பானது. பத்து நாள் போயிற்று. நான்சி வீட்டில் இருந்தாள். அவள் மிஷினுக்கு உறை போட்டுவைத்திருந்தார்கள்.

பதினோராம் நாள் காலை அண்ணன் வேனில் ஒரு சிமினி விளக்கோடு வந்தார். தையல்கூடத்தில் இரண்டு தையல் சாக்குக்கட்டி கேட்டு வாங்கினார். பட்டறையில் வேனுக்கு அடியில் மல்லாக்கப் படுத்தவர், ரப்பரின் முகத்தில் சாக்குக்கட்டியைத் தேய்த்து வெள்ளையாக்கினார். அதற்கு நேரே அச்சில் இருக்கும் தகட்டில் விளக்குச் சுடரைக் காட்டிக் கரி ஏற்றினார்.

பாய் குனிந்து பார்த்தார். “என்னப்பா இது, வேனுக்குத் திருஷ்டிப் பொட்டா?”

“பாய், நாம பத்து நாளா இடிக்குது இடிக்குதுன்னு வேல பாக்குறோம். எங்க இடிக்குதுன்னு யாராச்சும் கேட்டமா?”

சாயங்காலம் பெண்கள் ஏறினார்கள். அவர்களை இறக்கிவிட்டு, வேடசந்தூர் வரை போய் நானும் அண்ணனோடு திரும்பினேன். அன்று விழுந்த அடிகளை எண்ணிக்கொண்டே வந்தேன், நாற்பத்திரண்டு. பட்டறைக்குத் திரும்பியதும் அண்ணன் அடியில் புகுந்தார்.

“பாய், வாங்க. வந்து பாருங்க.”

தொப்பையோடு பாய் அடியில் புகுவது லேசான காரியமில்லை. புகுந்தார். ரப்பரில் சாக்குக்கட்டி வெள்ளை அப்படியே இருந்தது. தகட்டில் கரி ஒரு பொட்டுக்கூட அழியவில்லை. நாற்பத்திரண்டு அடியில் ஒன்றுகூட அங்கே விழவில்லை.

“அப்ப சத்தம் எங்க இருந்துடா வருது? செய்த்தானா?”

அண்ணன் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். பட்டையின் கண், போல்ட்டு, சட்டம். தொடுவார், விரலைப் பார்ப்பார். கடைசியில் அவர் கை ஷாக் அப்சார்பரில் நின்றது. பட்டையின் துள்ளலை அடக்க, அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நிற்கிற சாமான் அது. ஒன்றுக்குள் ஒன்று போய் வருகிற இரண்டு குழாய். அதன் கீழ்க் கழுத்தில் கரி ஏற்றினார். வேனை ரயில்வே கேட் வரை ஒரே ஒரு தடவை ஓட்டிக்கொண்டு வந்தார். திரும்ப வந்து பார்த்தபோது, கழுத்தைச் சுற்றிக் கரி அழிந்து பிறை மாதிரி இரும்பு பளிச்சென்று இருந்தது. மேல்குழாயின் விளிம்பு அங்கேதான் வந்து முட்டியிருக்கிறது.

வேன் ஐந்து அங்குலம் தாழ்ந்துவிட்டது. ஷாக் அப்சார்பர் மட்டும் பழைய நீளத்திலேயே நின்றது. நிற்கும்போதே முக்கால்வாசி மடங்கிப் போய், சின்னக் குழிக்கே இரும்பும் இரும்பும் மோதிக்கொண்டது. பட்டைக்காரர் பட்டையைச் சந்தேகப்பட்டார். பத்து நாளாக அதற்குச் சோறு போட்டும் பட்டினி போட்டும் பார்த்தோம். குற்றவாளி பக்கத்திலேயே விறைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

அப்பாஸ் பாய் வெளியே வந்து முகத்தைத் துடைத்தார். “முப்பது வருசம் பட்டறை வச்சிருக்கேன். கம்பெனி சாக்கப்சர், நல்லாத்தான இருக்குன்னு தொடாம விட்டேன் பாரு.” பிறகு சத்தமாகச் சிரித்து அண்ணன் முதுகில் ஒன்று வைத்தார். “சாவிக்கு வைக்கிற கரிய வேனுக்கு வச்சுட்டானேப்பா இவன்!”

மிச்சம் நாலு நாள். சின்ன வண்டிக்கான குட்டையான ஷாக் அப்சார்பர் இரண்டைப் பாய் எங்கிருந்தோ கொண்டுவந்தார். மேலே மாட்டும் கொக்கியைச் சட்டத்தில் உயர்த்திப் பற்றவைத்து, அவற்றைக் கொஞ்சம் சாய்வாக மாட்டினார். மறுபடி கரி. இந்தமுறை தகட்டின் கரி ரப்பரில் போய் ஒட்டியது. அதைப் பார்த்ததும் அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி வேனுக்கு அடியிலிருந்தே கத்தினார். “பாய், இப்பத்தேன் இடிக்க வேண்டிய எடத்துல இடிக்குது!” அறுத்த ரப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்ளே பொத்தலாக, கூம்பு மாதிரி குவிந்த மெத்து ரப்பராக மாட்டினார்கள். அச்சு எழும்போதே அது மெல்லத் தொட்டு, நசுங்கி, தாங்கிக்கொள்ளும். பட்டைகளைப் பழைய எண்ணிக்கைக்கே கொண்டுவந்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். அண்ணன் விடவில்லை. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசும் முனைகள் கத்தி மாதிரி இருக்கின்றன, மேல் பட்டையைக் கடித்துப் பிடிக்கின்றன என்றார். தன் பழைய அரங்களை எடுத்து வந்தார். பட்டறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு முனையையும் உருட்டி, வழுவழுப்பாக்கி, கட்டைவிரலால் தடவி, விரலைப் பார்த்து, நடுவில் கிரீஸ் பூசி அடுக்கக் கொடுத்தார். பட்டை கட்ட வந்த லாரிக்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். “யாருய்யா இவரு, பட்டைக்கு மொகச் சவரம் பண்றாரு?” என்றார் ஒருவர். பாய் நெஞ்சை நிமிர்த்தி, “எங்க ஆளு” என்றார்.

பதினைந்தாம் நாள் சிஸ்டர் ஐரினே வேடசந்தூர் வரை வந்தார். எல்லோரும் தவிர்க்கிற கடைசி இருக்கையில், பின்சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்துகொண்டார். நான்சி வீட்டு வாசலில் அவளைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். நான்சி இருக்கையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வரப்போகும் அடிக்காகத் தோளைக் குறுக்கி வைத்திருந்தாள்.

முதல் குழி வந்தது. வேன் இறங்கியது, எழுந்தது. அவ்வளவுதான்.

அவள் நம்பவில்லை. இரண்டாவது, மூன்றாவது. மில் வாசல் வேகத்தடை. அகரம் வருவதற்குள் கைகள் தளர்ந்து மடிக்கு வந்திருந்தன. அகரத்தில் பாண்டிச்செல்வி தூணைப் பற்றி ஏறினாள். ஏறியதும் உட்காரவில்லை, கதவில் நின்றபடியே டீக்கடை பெஞ்சைப் பார்த்துத் திரும்பினாள்.

“அண்ணே, ஒங்க வீட்டு நெல்லு மூட்ட இன்னும் கெடக்கா? கொண்டாங்க, நானே கை குடுத்து ஏத்திவிடுறேன்.”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. இந்தமுறை அந்த ஆள் மட்டும் டீக் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாடிக்கொம்பு தாண்டி, ரோடு மோசமாகிற இடம். பாண்டிச்செல்வி பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்தாள். ஊசியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். நூல் நுனியை உதட்டில் ஈரப்படுத்தினாள். வேனில் எல்லோரும் அவளையே பார்த்தோம். அண்ணன் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். வேன் ஒரு குழியில் இறங்கி எழுந்தது, அவள் கைகளும் அதோடு சேர்ந்து இறங்கி எழுந்தன. நூல் காதுக்குள் போய் மறுபக்கம் வந்தது.

“கோத்துட்டேன் சிஸ்டர்” என்று ஊசியைத் தூக்கிக் காட்டினாள்.

சிஸ்டர் உதட்டில் விரலை வைத்தார். நான்சி அவர் தோளில் சாய்ந்து தூங்கிப் போயிருந்தாள்.

மேட்டுப்பட்டியில் எல்லோரும் இறங்கியபின் சிஸ்டர் என்னிடம் தையல் டேப்பைக் கொடுத்து, படியை அளக்கச் சொன்னார். பிடிவாதம் எதில் முடிந்தது என்று பார்க்க ஆசை போல. மண்ணில் மண்டியிட்டு அளந்தேன். பதினொன்றேகால். சிஸ்டர் எண்ணைக் கேட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தார். அவர் அதற்குள் வாளியோடு டயரைக் கழுவப் போய்விட்டார்.

அதற்கப்புறம் அந்த வேனுக்குத் திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரு பெயர் இருந்தது. பள்ளி வேன்காரர்கள் வந்து குனிந்து பார்த்தார்கள். ஆஸ்பத்திரி வேன் ஒன்றைக் கொண்டுவந்து, இதே மாதிரி வேண்டும் என்று நின்றார்கள். பாய் பட்டறைச் சுவரில் கொட்டை எழுத்தில் ‘வண்டி தாழும், முதுகு நோகாது’ என்று எழுதிவைத்தார். யாராவது இது யார் யோசனை என்று கேட்டால், ஒரு சிமினி விளக்கை எடுத்துக் காட்டி, “பூட்டுக்காரன் யோசனை, என் தொப்பை” என்பார். பட்டை முனை அராவ அண்ணனைச் சனிக்கிழமைகளில் கூப்பிட்டுக்கொள்வார். அண்ணன் அரத்தோடு போவார். யார் எவ்வளவு புகழ்ந்தாலும் விரலைப் பார்த்துக்கொண்டு, “இடிச்ச எடத்தத் தேடுனோம், அம்புட்டுத்தேன்” என்று முடித்துவிடுவார்.

எனக்கு ஒரு பெருமை உண்டு. அந்த வேனில், அந்த ரோட்டில், ஓடும்போது ஒரு முழுக் கவிதையை வரி தவறாமல் படித்தவன் நான்.

இரண்டாயிரத்து ஏழில் என் தங்கை கல்யாணப் பத்திரிகை வைக்க அகரத்தில் பாண்டிச்செல்வி வீட்டுக்குப் போனேன். அதுவரை அந்த வீட்டுக்கு நான் போனதில்லை. அவள் அப்போது ரோட்டோரம் சொந்தத் தையல்கடை வைத்து, மூன்று மிஷினும் இரண்டு ஆளுமாக இருந்தாள். அந்த நேரம் கடையில் இருந்தாள். அவள் அம்மா சொர்ணலட்சுமிதான் உள்ளே வாங்க என்றார். வாசலில் ஒரே கல்லாகப் படி. ஏறும்போது கால் தானாக ஒரு உயரத்துக்குப் போய் நின்றது. ஒன்பது வருஷம் ஏறிப் பழகிய உயரம் போல இருந்தது.

“படி கொஞ்சம் ஒசரந்தேன்” என்றார் அந்த அம்மா. “செல்வி சின்னப் பிள்ளையில இதுல விழாத நாளில்ல. பன்னெண்டு வயசுலதேன் கதவு நெலையப் பிடிச்சு ஏறப் படிச்சா. ஊருலயே அவ ஏறுற படி இது ஒண்ணுதேன் தம்பி. பக்கத்து வீட்டுப் படி இத விட ஒரு விரக்கட ஒசரம். இன்னைக்கு வரைக்கும் அதுல அவளால ஏற முடியல.”

தண்ணீர் கொடுத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

“ஒங்க டிரைவரு ஒருக்கா வந்திருந்தாரு. இவ கோவிச்சுக்கிட்டு வேலைக்குப் போகாம இருந்தால்ல, அப்புறம் சைக்கிள்ல கூட்டிட்டுப் போனாங்கள்ல, அதுக்கு மறுநா. இவ வீட்ல இல்ல. மழையே இல்லாத நாள்ல மழைக்கு ஒதுங்குன ஆளு கணக்கா வந்து நின்னாரு. கையில ஒரு நீட்டு அரம். அதப் படியோரமா நட்டு வச்சுக்கிட்டு, கல்லத் தடவுறாரு, விரலப் பாக்குறாரு, மறுபடி தடவுறாரு. வந்தத அவகிட்டச் சொல்ல வேணாம்மான்னுட்டுப் போயிட்டாரு. நான் படி அழுக்கா இருக்குன்னு நெனச்சுக்கிட்டு, மறுநா தேங்கா நாரு போட்டுத் தேச்சுக் கழுவிவிட்டேன்.”

ஜன்னலோரம் பாண்டிச்செல்வியின் பழைய டேப் தொங்கியது. பத்திரிகையை வைத்துவிட்டு, அந்த அம்மா தாம்பூலம் எடுக்க உள்ளே போனபோது, அதை எடுத்து வாசற்படியை அளந்தேன்.

பதினொன்றேகால்.